எம்டிபி மெதுவாகப் போகும் சரி, தலையும் மெதுவாகவா விழும்?

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் திருவான்மியூர் தாண்டி ஈசிஆரில் போனால் சைக்கிள் கூட்டம்தான். மெல்லிய டயர் ரேஸ் சைக்கிளான ரோடு பைக்கில் வருபவர்களை ஹெல்மெட் இல்லாமல் பார்ப்பது அபூர்வம். தடித்த டயர் மவுண்டன் பைக்கில், அதாவது எம்டிபியில் வரும் சிலருக்கு மட்டும் அது ஹேண்டில்பாரில் தொங்கும். கேட்டால், "இது என்ன அந்த ஸ்பீடா போகுது ப்ரோ?"

வேகத்தைப் பற்றிச் சொல்வது வாஸ்தவம்தான். ரோடு பைக்கில் மணிக்கு 27, 28 கிலோமீட்டர் போகிற அதே ஆள், அதே மிதி மிதித்து, எம்டிபியில் 22 தாண்டினாலே பெரிய விஷயம். பலரும் கியர் மேல் பழி போடுகிறார்கள். முன் பல்சக்கரத்தில் 42 பல், பின்னதில் 11 பல் இருந்தால், நிமிடத்துக்கு 80 சுற்று மிதிக்கும்போது எம்டிபியும் கணக்குப்படி 37 தொடும், ஆக கியரில் குறையில்லை. வேகத்தைத் தின்பது டயர். 2.1 இன்ச் அகலம், மேலே கட்டை கட்டையாய் ரப்பர், உள்ளே 35 பிஎஸ்ஐ காற்று. தார் ரோட்டில் அந்தக் கட்டை ஒவ்வொன்றும் நசுங்கி நிமிர்கிறது, அதற்கான கூலி உங்கள் தொடையிலிருந்து போகிறது. லாக்கவுட் போட்டு அசையாமல் பூட்டாவிட்டால், முன்சக்கரத்தின் ஸ்பிரிங் ஃபோர்க் வேறு ஊஞ்சலாடும். அப்புறம் நிமிர்ந்து உட்கார்ந்து நெஞ்சு முழுக்கக் காற்று வாங்குகிறோம், முட்டுக்காடு பாலத்தில் எதிர்காற்று அடித்தால் கேட்கவே வேண்டாம். 1.5 இன்ச் வழவழ டயர் மாற்றினால் கொஞ்சம் கூடும், அவ்வளவுதான்.

ஹெல்மெட் கணக்கு வேறு. சைக்கிளில் இருப்பவர் தலை தரையிலிருந்து ஒன்றரை மீட்டராவது உயரத்தில் இருக்கும். அங்கிருந்து விழுந்தால், சைக்கிள் நின்றுகொண்டிருந்தாலும் சரி, தலை கிட்டத்தட்ட 20 கிலோமீட்டர் வேகத்தில் தரையைத் தொடும். ஐரோப்பாவின் சைக்கிள் ஹெல்மெட் தரமான இஎன் 1078 சோதனையில் ஹெல்மெட்டைத் தட்டையான இரும்பின் மேல் மோதவிடுவதும் விநாடிக்கு 5.42 மீட்டரில், அதாவது மணிக்கு 19.5 கிலோமீட்டரில்தான். சைக்கிளின் வேகம் தோலை உரிக்கும், காரிலோ கம்பத்திலோ மோதினால் அதுவும் சேர்ந்துகொள்ளும், அங்கே 22க்கும் 28க்கும் வித்தியாசம் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் நம்மூரில் கவிழ்ப்பது குறுக்கே ஓடும் நாயும், பார்க்காமல் திறக்கிற கார்க் கதவும். அதற்கு எந்த சைக்கிள் என்ற பேதமெல்லாம் கிடையாது.

மோட்டார் வாகனச் சட்டத்தின் ஹெல்மெட் பிரிவு சைக்கிளுக்குப் பொருந்தாது, போலீஸும் நிறுத்தப் போவதில்லை. அதற்காக வீட்டில் கிடக்கும் மோட்டார் பைக் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு கோவளம் வரை மிதிக்காதீர்கள், சென்னை வெயிலில் தலை வெந்துவிடும். காற்றுத் துளைகள் உள்ள சைக்கிள் ஹெல்மெட்டாகவே வாங்குங்கள். புருவத்துக்கு மேல் இரண்டு விரல் இடம், காதுக்கு அடியில் இரண்டு வாரும் சேர வேண்டும், தாடைக்கும் வாருக்கும் நடுவே ஒரு விரல்தான் நுழைய வேண்டும். நெற்றி தெரியப் பின்னால் தள்ளி மாட்டுவது புகைப்படத்துக்கு மட்டும்தான் உதவும். ஒருமுறை பலமாக அடி வாங்கியதை, வெளியே வெறும் கீறல்தான் தெரிந்தாலும், தூக்கிப் போட்டுவிடுங்கள். உள்ளே இருக்கும் தெர்மாகோல் நசுங்கினால் நசுங்கியதுதான், அடுத்த அடியைத் தாங்காது.