கோட் சூட் போட்டவர்

"இவர் வக்கீலாப்பா?"

தோளுக்குப் பின்னாலிருந்து என் செல்போனை எட்டிப் பார்த்த மகள் கேட்டாள். திரையில் ஹேக் நகரின் சர்வதேச குற்றவியல் நீதிமன்றம். கோட், டை, மெல்லிய மீசையோடு ஒருவர்.

போஸ்கோ என்டகாண்டா. ருவாண்டாவில் பிறந்து, பதின்வயதில் கிழக்கு காங்கோவுக்குப் போனவர். பட்டப்பெயர் 'டெர்மினேட்டர்'.

எனக்கு மனதில் நிற்பது அவருடைய டென்னிஸ்தான்.

போர்க்குற்றங்களுக்காக 2006இலேயே இந்த நீதிமன்றத்தின் கைது வாரண்ட். ஆனால் 2009இல் காங்கோ ராணுவம் அவரை ஜெனரலாகச் சேர்த்துக்கொண்டது. கோமா நகரில் ஒளிவுமறைவே இல்லாமல் டென்னிஸ் ஆடினார், ஓட்டல்களில் சாப்பிட்டார். ஐநா அமைதிப்படையும் அதே ஊரில்தான் இருந்தது!

2012இல் ராணுவத்திலிருந்து பிரிந்தவர்களின் எம்23 என்ற குழு கிளர்ச்சி செய்தது, இவரும் அதில். அதற்குள்ளேயே கோஷ்டிச் சண்டை, இன்னொரு தளபதியான சுல்தானி மகெங்கா தரப்பிடம் தோற்று ருவாண்டாவுக்கு ஓட்டம்.

2013 மார்ச் 18. ருவாண்டா தலைநகர் கிகாலியில் அமெரிக்கத் தூதரகத்துக்குள் தானாகவே நடந்து போனார். என்னை ஹேக்குக்கு அனுப்புங்கள் என்றார். ஏழு வருடம் யாரும் பிடிக்காத ஆள். வெளியே இருப்பதைவிடச் சிறையே மேல் என்று தோன்றியிருக்கும் போல.

2019இல் தீர்ப்பு: கிழக்கு காங்கோவின் இடூரி பகுதியில் 2002-03இல், அவர் ஓர் ஆயுதக் குழுவின் தளபதியாக இருந்தபோது நடந்தவற்றுக்காக 18 குற்றங்கள், 30 ஆண்டுச் சிறை. 15 வயது நிரம்பாத பிள்ளைகளைப் படையில் சேர்த்ததும் அதில் உண்டு. அந்தச் சிறுமிகளைச் சீரழித்தவர்கள் எதிரிகள் அல்ல, சொந்தப் படையினர். அந்த வரியில் அப்படியே நின்றுவிட்டேன்.

மகளுக்குப் பதினொரு வயது.

"இல்லம்மா, மிலிட்டரில இருந்தவர்."

"அப்போ நல்லவரா?"

போனைக் கவிழ்த்து வைத்தேன்.