ஏலம் முடியும் வரை

11 ஒக்டோபர் 2025, சனி

ஏலத்தில் விற்கப் போகும் என் ஜாகுவார் காரின் உறையை மருமகன் இன்று இங்கிலாந்தில், கொவென்றியில் நீக்கிப் படங்கள் அனுப்பினான். இரண்டு ஆண்டுகளாக மூடிக் கிடந்த வண்டி என்று சொல்ல முடியாதபடி அந்தக் கரும்பச்சை அப்படியே இருக்கிறது. எஞ்சின் மூடியிலுள்ள இரண்டு காற்றுத் துவாரங்களையும் முன்பக்கக் கம்பி வலையையும் நெருக்கமாக எடுக்கச் சொன்னேன். சாதாரண எக்ஸ்கே8 இலிருந்து அதன் வலுக்கூடிய வகையான எக்ஸ்கேஆரைப் பிரித்துக் காட்டுபவை அவைதாம். பின்சக்கர வளைவுகளில் துரு தொடங்கியிருக்கிறது. அதையும் அதே நெருக்கத்தில் எடுக்கச் சொன்னபோது, "அதை ஏன் மாமா காட்டோணும்?" என்று கேட்டான். வாங்குபவன் பணத்தைக் கட்டிய பிறகு அதைக் கண்டுபிடிப்பதைவிட இப்போதே காண்பது நல்லது என்றேன். அவனுக்கு அது பிடிக்கவில்லை.

12 ஒக்டோபர், ஞாயிறு

இரவு முழுவதும் அப்பாவுக்கு இருமல்.

13 ஒக்டோபர், திங்கள்

ரசீது இல்லை. ஸ்கான் செய்து வைத்திருந்த கோப்புகளை மூன்று முறை பார்த்துவிட்டேன். 1999 ஆம் ஆண்டு முதல் உரிமையாளர் வாங்கிய நாளிலிருந்து எண்ணெய் மாற்றிய ஒவ்வொரு பற்றுச்சீட்டும் இருக்கிறது, ரயர்களுக்கு இருக்கிறது, தண்ணீர்ப் பம்புக்கு இருக்கிறது, ஆனால், எல்லோரும் முதலில் கேட்கப் போகும் அந்த ஒன்றுக்கு மட்டும் இல்லை. இந்த 4.0 லீற்றர் வி8 எஞ்சின்களில், வால்வுகளை நேரம் தவறாமல் இயக்க வைக்கும் ரைமிங் சங்கிலியை இறுக்கிப் பிடிக்கும் மேல் ரென்ஷனர்கள் பிளாஸ்ரிக் உடல் கொண்டவை, காலப்போக்கில் வெடிப்பு விழுந்து உடையும், உடைந்தால் சங்கிலி தளர்ந்து, வால்வுகள் பிஸ்ரனில் அடிபட்டு, எஞ்சினே போய்விடும். 2012 கோடையில் அவை இரண்டையும் கழற்றி, உலோக உடல் கொண்டவற்றை என் கையாலேயே பூட்டினேன். வேலைக்கு ஆள் பிடிக்காததால் வேலைக் கூலிச் சீட்டு இல்லை. உதிரிப்பாகச் சீட்டு எந்த வீடு மாறியபோது தொலைந்தது என்று தெரியவில்லை. நான் மாற்றினேன் என்று எழுதலாம். முகம் தெரியாத ஒருவன் அதை எதற்காக நம்ப வேண்டும்?

14 ஒக்டோபர், செவ்வாய்

மருமகனிடம் இன்று கோபப்பட்டுவிட்டேன். குளிர்ந்த நிலையில் எஞ்சினைத் தொடக்கும் காணொளி வேண்டும் என்று ஏலத்தை நடத்துபவர்கள் கேட்டிருந்தார்கள். இவனோ அரை மணித்தியாலம் ஓடவிட்டு, அணைத்து, மறுபடி தொடக்கிப் படம் பிடித்திருக்கிறான். வெப்பநிலை முள் நடுவில் நிற்பது காணொளியிலேயே தெரிகிறது. தளர்ந்த சங்கிலியின் சத்தம் கேட்பதானால் இரவு முழுவதும் எண்ணெய் கீழிறங்கிய பின்னர், அந்த முதல் இரண்டு விநாடிகளில்தான் கேட்கும். வேலைக்குப் போகும் முன் விடிகாலையில் இருட்டில் நின்று எடுக்கும் பிள்ளையிடம் இவ்வளவு கடுமையாகப் பேசியிருக்க வேண்டாம்.

16 ஒக்டோபர், வியாழன்

புதிய காணொளி வந்தது. சத்தமில்லை. பதினொரு முறை கேட்டேன். ஏழாவது முறை ஏதோ கேட்டது போலிருந்தது. அது மழை தகரத்தில் விழுந்த சத்தம்.

மாலையில் அப்பாவிடம் காட்டினேன். ஒரு காது கேட்பதில்லை என்பதால் கைப்பேசியை மற்றக் காதருகில் பிடித்தேன். அவர் சத்தத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. எத்தனை குதிரைவலு என்று மட்டும் கேட்டார். 370 என்றேன். அவருடைய பழைய ஒஸ்ரின் ஏ40 காரில் இருந்தது 40. அந்த நாற்பதையும் அவர் பெற்றோலில் முழுதாகக் கண்ட காலம் குறைவு. போர்க்காலப் பொருளாதாரத் தடையில் பெற்றோல் கிடைக்காதபோது கார்பரேற்றருக்குள் சில துளி பெற்றோல் விட்டுத் தொடக்கி, பிடித்ததும் மண்ணெண்ணெய்க்கு மாற்றிவிடுவார். புகையோடும் வாசத்தோடும் அது பரந்தனுக்கும் வட்டக்கச்சிக்கும் இடையில் நெல் மூட்டையும் நோயாளியும் ஏற்றி ஓடியது. ஜாகுவார் பெற்றோலை எப்படிக் குடிக்கும் என்று கேட்டார். நகரத்தில் ஒரு கலனுக்குப் பதினைந்து மைல் கூடத் தராது என்றதும் கண்களை மூடிக்கொண்டார்.

18 ஒக்டோபர், சனி

கழற்றிய பழைய ரென்ஷனர்களைப் போட்டு வைத்த பெட்டியைத் தேடச் சொல்லியிருக்கிறேன். நீல நிற பிஸ்கட் தகரப் பெட்டி. எறிந்திருக்க மாட்டேன். கழற்றிய எதையும் நான் எறிந்ததில்லை.

20 ஒக்டோபர், திங்கள்

தீபாவளி. அப்பா இரண்டு வாய் சாப்பிட்டார்.

22 ஒக்டோபர், புதன்

பெட்டி கிடைத்துவிட்டது. அக்காவின் வீட்டுக் கொட்டிலில், வர்ணத் தகரங்களுக்குப் பின்னால் இருந்திருக்கிறது. உள்ளே பழைய ரென்ஷனர்கள் இரண்டும் பழைய செய்தித்தாளில் சுற்றியபடி. ஒன்றில் மயிரிழை போல வெடிப்பு ஓடுகிறது. அந்தத் தாளின் திகதியும் 2012 ஆம் ஆண்டு யூலை. தாளையும் சேர்த்துப் படமெடுக்கச் சொன்னேன். இது ரசீதாகாது என்று தெரியும். இருந்தாலும் இன்றைக்கு வயலில் நின்றபோது மனம் இலேசாக இருந்தது. கீழ்க்காணி விதைத்து முடிந்தது. வாய்க்கால் வரம்பைக் கட்டிய பெடியனுக்குக் கூலியோடு இருநூறு ரூபாய் கூடக் கொடுத்தேன்.

23 ஒக்டோபர், வியாழன்

ஏலம் தொடங்கிவிட்டது. ஏழு நாட்கள். ரிசேர்வ் விலை, அதாவது இதற்குக் கீழே விற்க மாட்டேன் என்ற விலை, 8,500 பவுண். அது விலை கேட்பவர்களுக்குத் தெரியாது. முதல் ஒரு மணித்தியாலத்தில் 2,000. பிறகு 3,100.

24 ஒக்டோபர், வெள்ளி

கேள்விகள் வருகின்றன. முதலாவது கேள்வி, எதிர்பார்த்தபடி, நிக்கசில் என்ற உலோகப் பூச்சைப் பற்றியது. 2000 ஆம் ஆண்டு நடுப்பகுதி வரை இந்த எஞ்சின்களின் சிலிண்டர்ச் சுவர்களில் அந்தப் பூச்சு இருந்தது. அக்காலப் பெற்றோலில் கலந்திருந்த கந்தகம் அதை அரித்தது. பிறகுதான் இரும்பு உறைகளுக்கு மாறினார்கள். என்னுடையது 1999, ஆகவே நிக்கசில்தான். ஆனால், 2009 இலிருந்து அங்கே பெற்றோலில் கந்தகம் பத்து இலட்சத்தில் பத்துப் பங்குக்கு மேல் இருக்க முடியாது. அரிக்க வேண்டியவை அதற்கு முன்பே அரிந்து போயின, தப்பியவை தப்பின. சுவர்கள் அரிக்கப்படவில்லை என்று காட்ட எட்டுச் சிலிண்டர்களின் அழுத்த அளவுகளையும் இணைத்து விடை எழுதினேன். ஒருவர் நன்றி சொன்னார்.

இன்னொருவர் வி5சி, அதாவது அங்குள்ள வாகனப் பதிவுப் பத்திரம், என் பெயரில் இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது. ஆனால், அது உரிமைக்கான சான்று அல்ல என்று அந்தத் தாளிலேயே அச்சிட்டிருக்கிறார்கள். பதிவுபெற்ற காப்பாளர் யார் என்பதை மட்டுமே அது சொல்கிறது. பல ஆண்டுகளாக என் கையில் இருந்தும் இன்றுதான் அந்த வரியை நின்று வாசித்தேன்.

அப்பாவின் ஏ40 பதிவுப் புத்தகம் இன்னமும் பொலித்தீன் பையில், காணி உத்தரவுப் பத்திரத்தோடு இருக்கிறது. கார் 2009 இல், இறுதிப் போரின்போது, இரணைப்பாலை வீதியோரத்தில் நின்றது. திறப்பை அதிலேயே விட்டுவிட்டு வந்ததாகச் சொல்வார்.

25 ஒக்டோபர், சனி

இரண்டாவது திறப்பு எங்கே என்று ஒருவர் கேட்டிருக்கிறார். ஒரு திறப்புத்தான் என்று விவரத்தில் போட்டிருந்தோம். அலுமாரியில் என் பழைய கடவுச்சீட்டின் கீழே பார்த்தேன். இங்கேதான் இருக்கிறது. விமானம் ஏறிய அன்று காற்சட்டைப் பையில் வந்தது.

26 ஒக்டோபர், ஞாயிறு

பெரிய பிழை விட இருந்தேன். வியாழன் இரவு எட்டு மணிக்கு ஏலம் முடிகிறது. நாலரை மணித்தியாலம் கூட்டி, இங்கே பன்னிரண்டரை என்று எழுதி வைத்திருந்தேன். இன்று அதிகாலை அங்கே கோடை நேரம் முடிந்து கடிகாரத்தைப் பின்னுக்கு வைத்துவிட்டார்கள். இனி ஐந்தரை மணித்தியாலம். ஆகவே வெள்ளி அதிகாலை 1.30. விலை 5,400 இல் மூன்று நாளாக நிற்கிறது.

27 ஒக்டோபர், திங்கள்

சூரன்போர். அம்மா ஆறாவது நாள் உபவாசத்தோடு கோயிலுக்குப் போனார். அப்பாவை நான் பார்த்துக்கொண்டேன்.

அபர்டீனிலிருந்து ஒருவர் நான் அஞ்சிய கேள்வியைக் கேட்டுவிட்டார். மேல் ரென்ஷனர்கள் சரி, கீழே உள்ள பிரதான ரென்ஷனர்களும் சங்கிலி வழிகாட்டிகளும் மாற்றப்பட்டனவா? அதற்கு முன்பக்க மூடி முழுவதையும் கழற்ற வேண்டும். 2012 இல் நான் அதைத் தொடவில்லை; பணமும் இல்லை, இடமும் இல்லை. மருமகன், "தெரியாது என்று போடுங்கோ மாமா, பொய்யில்லைத்தானே" என்றான். தெரியாது என்பதுதான் பொய். எனக்குத் தெரியும். ஒரு மணித்தியாலம் பதில் எழுதாமல் திண்ணையில் இருந்தேன். அப்பா கராஜ் வைத்திருந்த காலத்தில், தான் திறந்து பார்க்காத பாகத்தைப் பற்றிக் கேட்டால் "நான் திறக்கேல்லை" என்று மட்டும் சொல்வார். அதற்கு மேல் ஒரு சொல் வராது. அப்படியே எழுதினேன்: கீழ்ப்பகுதியை நான் திறக்கவில்லை, 71,000 மைலில் அவை தொழிற்சாலையில் பூட்டியவையாகவே இருக்க வேண்டும்.

28 ஒக்டோபர், செவ்வாய்

ஒருவரும் விலை கூட்டிக் கேட்கவில்லை. 5,400.

29 ஒக்டோபர், புதன்

5,400. அப்பாவுடன் யாழ்ப்பாணம் போய்க் கிளினிக் முடித்துத் திரும்ப இரவாகிவிட்டது. ஆனையிறவைத் தாண்டும்போது அவர் என் தோளில் நித்திரை. நான் மறுபடி மறுபடி கைப்பேசியைப் பார்த்தேன். கீழ்ப்பகுதியைப் பற்றிய வரியை இப்போதும் மாற்றலாம் என்ற நினைப்பு ஒரு முறை வந்தது, பரந்தன் சந்தி வரை இருந்தது.

30 ஒக்டோபர், வியாழன்

மின்சாரம் மாலை ஐந்துக்கே போய்விட்டது. கைப்பேசியில் 60 வீதம். ரிசேர்வைக் குறைக்கச் சம்மதமா என்று கேட்டார்கள். 7,500 வரை சம்மதித்தேன். அப்பாவின் அடுத்த மாத மருந்தும் மோட்டரும் குழாய்க் கிணறும் அதற்குள் அடங்கும். அதற்குக் கீழே கொடுக்க மாட்டேன்.

31 ஒக்டோபர், வெள்ளி

1.24 க்கு 6,000. கடைசி இரண்டு நிமிடத்துக்குள் ஒருவர் கேட்டால் நேரம் மறுபடி இரண்டு நிமிடத்துக்கு நீள்கிறது; அப்படி ஒன்பது முறை நீண்டது. அபர்டீன்காரரும் வேறொருவரும் நூறு நூறாகக் கேட்டார்கள். 1.47 க்கு 7,900. அபர்டீன்காரர்.

வென்ற பிறகு அவர் ஒரு வரி எழுதியிருந்தார்: கீழ்ப்பகுதியைத் தானே திறக்கப் போகிறாராம்.

அம்மாவை எழுப்பவில்லை.

3 நவம்பர், திங்கள்

பணம் வந்துவிட்டது. கார் புதன்கிழமை லொறியில் ஏறும். திறப்பைப் பதிவுத் தபாலில் அனுப்பக் கிளிநொச்சித் தபாலகத்துக்குப் போனேன். சுங்கப் படிவத்தில் பொருளின் பெயரும் நிறையும் பெறுமதியும் எழுத வேண்டும். கார்த் திறப்பு, பழையது, ஒன்று என்று எழுதினேன். நிறையை அவர்கள் பார்த்தார்கள். பெறுமதிக்கான கட்டம் வெறுமையாக இருந்தது. பின்னால் வரிசை நீண்டதால், நாளை வருவதாகச் சொல்லித் திறப்பை மறுபடி பைக்குள் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அப்பா வாசலில் கதிரையில் இருந்தார், கையை நீட்டினார்.