வாழைப்பழ பியானோ: மாநாட்டு மேஜைக் குறிப்புகள்

செப்டம்பர் 3
மாநாட்டில் நம் மேஜைக்கு வாழைப்பழ பியானோ: பழத்தைத் தொட்டால் கணினியில் ஸ்வரம் எழும். 2012-இல் வந்த மேக்கி மேக்கி பலகையின் அதே தத்துவம்: பழத்தையும் எர்த்தையும் (பலகையின் 'கிரவுண்ட்' முனை) ஒரே ஆள் தொட்டால் அவர் உடம்பு வழியாகச் சுற்று மூடும். நம் பலகை ஆர்டுயினோ லியோனார்டோ என்ற சிறு மின்னணுப் பலகை. அது கணினிக்குக் கீபோர்டாகவே தெரியும் என்பதால் ஆர்டுயினோவின் இன்னொரு பலகையான யூனோ வேண்டாம்.

ஆறு பழம், மோகனம். குழந்தைகளுக்கான நிரல் மென்பொருள் ஸ்கிராட்ச்சில் ஸ்வர எண்கள் 60, 62, 64, 67, 69, 72. மத்யமமும் நிஷாதமும் இல்லை. குழந்தைகள் எப்படித் தட்டினாலும் காதுக்கு இதம்தான்.

செப்டம்பர் 5
சென்னை ரிச்சி தெருவில் 10 மெகா ஓம் ரெசிஸ்டர் (மின்தடை) வாங்கியாயிற்று. பழத்துக்கு ஒன்று, 5 வோல்ட்டுக்கும் பலகையின் பின்னுக்கும் (பழத்தின் வயர் சேரும் முனை) நடுவில். 1 மெகா ஓம் போதாது. காய்ந்த கையின் தடையே சில வேளை அந்த அளவு இருக்கும், பின்னில் 2.5 வோல்ட் நிற்கும், பலகை அதை 'லோ' (தாழ்ந்த வோல்ட்டேஜ், அதாவது தொட்டது) என்று ஏற்காது. 10 போட்டால் அரை வோல்ட்டுக்குக் கீழே இறங்கிவிடும்.

ஆனால் வயர் ஆன்டெனா மாதிரி சுற்றியுள்ள கரண்டின் 50 ஹெர்ட்ஸ் இரைச்சலை இழுக்கும், தொடாமலே ஸ்வரம் எழும். ஒரு சுழற்சி 20 மில்லிசெகண்ட். மில்லிசெகண்டுக்கு ஒருமுறை படித்து, இருபதில் குறைந்தது பதினைந்து முறை லோ என்றால்தான் தொட்டதாகக் கணக்கு. தொட்டவுடன் ஒரே ஒரு எழுத்தை அனுப்ப வேண்டும். விசையை அழுத்தியே வைத்தால் ஸ்வரம் திக்கும்.

செப்டம்பர் 9
எர்த். இது சரியில்லாவிட்டால் மற்றதெல்லாம் வீண். ஒரு கையில் ஸ்பூனைப் பிடிக்கச் சொன்னால், கூட்டத்தில் அந்த அறிவிப்பை யாரும் படிக்க மாட்டார்கள். பழத்தை மட்டும் தொட்டுவிட்டு "வேலை செய்யல" என்று நகர்ந்துவிடுவார்கள். மேஜை விளிம்பு நெடுக மூன்று விரல் அகலத்துக்கு அலுமினிய ஃபாயில் ஒட்டினால், பழத்துக்குக் கை நீட்டும்போதே மணிக்கட்டு அதில் படிந்துவிடும். வளையல் உரசி ஃபாயில் கிழியும். கிழிசலுக்கு அந்தப் பக்கம் எர்த் இருக்காது. இரண்டு முனையிலும் கிளிப் மாட்டினால் ஒரு கிழிசலைத் தாங்கும். முழுக்கைச் சட்டைக்காரர்களுக்கு எர்த்தோடு சேர்த்த எவர்சில்வர் டம்ளர் ஒன்று.

லேப்டாப் பேட்டரியில் மட்டுமே ஓட வேண்டும். இரண்டு பின் சார்ஜரில் கசிவது அந்த ஃபாயில் வழியாகக் கையில் சுருக்கென்று தெரியும். குழந்தைகள் கை வைக்கிற இடம்.

செப்டம்பர் 13
மாநாட்டின் முதல் நாள். மதியம் மூன்றாவது பழம் பேசவில்லை. கம்பி குத்திய துளையைச் சுற்றிச் சதை கறுத்துக் காய்ந்திருந்தது. அரை அங்குலம் தள்ளிக் குத்தியதும் சரி. ரஸ்தாளித் தோல் மெலிசு, இத்தனை விரல்களைத் தாங்கவில்லை. நாளைக்கு மொந்தன்.

ஆறும் ஒரே நேரத்தில் நின்றால் பழத்தை நோண்ட வேண்டாம். ஏதாவது அப்டேட் அறிவிப்பு வந்து ஸ்கிராட்ச் ஜன்னல் பின்னால் போயிருக்கும், எழுத்துகள் அதற்குப் போய்ச் சேராது. ஸ்கிராட்ச்சின் பச்சைக் கொடியில் ஒரு கிளிக்.