பதினோராம் நம்பர்: டர்பன் நாட்குறிப்பு

பிப்ரவரி 8, 2025, சனி

காலை ஒன்பது மணிக்கே வெயில் முதுகில் ஏறிவிட்டது. தென்னாப்பிரிக்காவின் டர்பனில், இந்திய வம்சாவளியினர் அதிகம் வாழும் சாட்ஸ்வர்த்தில் ஒரு பள்ளி மைதானம். ஒரே தார்த் தரையில் நெட்பால் கோடு வெள்ளையில், பேஸ்கட்பால் கோடு மஞ்சளில், டென்னிஸ் கோடு ஒரு காலத்தில் பச்சையாக இருந்திருக்கும். எது எல்லைக்கோடு என்று ரெஃப்ரிக்கே சந்தேகம் வந்தது. ஜோகன்னஸ்பர்க்கில் பேஸ்கட்பால் கோச்சாக இருக்கும் நண்பன், பள்ளிப் பெண்களில் யாராவது தேறுவார்களா, பார்த்து எழுது என்றான். கோயம்புத்தூரில் காலேஜ் டீமில் பாதி நாள் பெஞ்சைத் தேய்த்தவன் என்ற ஒரே தகுதியில் நானும் நோட்டோடு போய் உட்கார்ந்தேன்.

பதினோராம் நம்பர் பனியன் போட்ட பெண். பத்தாம் வகுப்பு. பேர் போடப்போவதில்லை, பள்ளிக்கூடப் பிள்ளை. நல்ல உயரம், கை அதைவிட நீளம். இத்தனை வருஷமும் நெட்பால் (பேஸ்கட்பால் சாயலில், பந்தைத் தட்டி ஓடாமல் கைமாற்றியே ஆடுவது) ஆடியவள், பேஸ்கட்பாலுக்கு வந்து சில மாதம்தான். அவள் டீம் மோசமாகத் தோற்றது. அவளுக்குப் புள்ளியும் பெரிதாக இல்லை. ஆனால் பந்து கைக்கு வந்ததும் தலை நிமிர்கிறது, அடுத்த நொடி பந்து போய்விடுகிறது, பெரும்பாலும் சரியான ஆளுக்கு. நெட்பாலில் பந்தை மூன்று விநாடிக்கு மேல் வைத்திருக்கக் கூடாது, அந்தப் பழக்கம். அவள் கோச் வெளியிலிருந்து "டிரிபிள்! டிரிபிள்!" என்று, அதாவது பந்தைத் தரையில் தட்டிக்கொண்டே ஓடு என்று, தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார். எனக்கானால் அவர் கொஞ்சம் சும்மா இருந்தால் தேவலை என்றிருந்தது.

பிப்ரவரி 11, செவ்வாய்

தைப்பூசம். பயிற்சி இல்லை. கோயிலில் காவடிக் கூட்டத்தில் அவள் பாட்டியைப் பார்த்தேன். தமிழ் பேச ஆள் கிடைத்த சந்தோஷத்தில் என்னை விடவே இல்லை. "தம்பி, பிள்ளை முட்டிய ஒடச்சிக்காம பாத்துக்க" என்றார். அந்தப் பயம் நியாயமானதுதான். முட்டிக்குள் இருக்கும் ஏசிஎல் என்ற நார், இதே ஆட்டத்தை ஆடும் பையன்களைவிடப் பெண்களுக்குக் கிழியும் வாய்ப்பு அதிகம். குதித்து இறங்கும்போது முட்டி உள்பக்கம் மடிகிறதா என்று இனி தனியாகக் கவனிக்க வேண்டும்.

மார்ச் 1, சனி

இன்று அவள்மேல் டிராவல் டிராவல் என்று விசில் ஓயவே இல்லை. பந்தைக் கையில் வைத்துக்கொண்டு விதியை மீறிக் காலை நகர்த்தும் தப்பு அது. பக்கத்தில் இருந்தவர் "நெட்பால் காலு, திருந்தாது" என்று முடித்துவிட்டார். நான் அவள் காலை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். பாஸ் கொடுக்கும்போதும் ஷூட் பண்ணும்போதும் ஒரு விசில்கூட இல்லை! ஊன்றிய காலைத் தூக்கலாம், அது மறுபடி தரையைத் தொடுவதற்குள் பந்து கையை விட்டிருந்தால் போதும், இரண்டு ஆட்டத்திலும் ஏறக்குறைய இதே விதிதான். டிரிபிள் ஆரம்பிக்கும்போதுதான் வில்லங்கம். பேஸ்கட்பாலில் ஊன்றிய கால் எழும்புவதற்கு முன்பே பந்து கையை விட வேண்டும், இவளோ காலைத் தூக்கிவிட்டு அப்புறம் பந்தைத் தட்டுகிறாள். நெட்பாலில் டிரிபிளே கிடையாது, அவள் காலுக்கு எப்படித் தெரியும்? காலில் கோளாறு இல்லை, பந்து கால்நொடி தாமதம், அவ்வளவுதான். சுவரைப் பார்த்து நின்று முதல் தட்டை மட்டும் திரும்பத் திரும்பப் போட்டால் சரியாகிவிடும். ஆட்டம் முடிந்ததும் சொன்னேன். "ஓகே அங்கிள்" என்றாள், சிரிக்கக்கூட இல்லை.

வேறு ஆட்டத்திலிருந்து லேட்டாக வந்தவர்களைக் கழித்துக்கட்டுவது எனக்குப் பிடிக்காது. பேஸ்கட்பால் ஜாம்பவான் ஹக்கீம் ஒலாஜுவான் பதினைந்து வயதுவரை நைஜீரியாவில் ஃபுட்பால், ஹேண்ட்பால் என்று ஆடிக்கொண்டிருந்தவர். அந்தக் கால் வேலையை வைத்துத்தான் 1994லும் 1995லும் அமெரிக்கத் தொழில்முறை லீக்கான என்பிஏவில் ஹூஸ்டன் அணிக்குக் கோப்பை வாங்கிக் கொடுத்தார்.

மார்ச் 15, சனி

ஃப்ரீ த்ரோ பயிற்சி பார்த்தேன், எதிராளி தப்புச் செய்தால் யாரும் தடுக்காமல் கோட்டில் நின்று போடும் பந்து அது. பந்தைத் தலைக்கு மேலே நிறுத்தி, மணிக்கட்டால் மட்டும் உயரமாக விடுகிறாள். ரிங்குக்குப் பின்னால் இருக்கும் போர்டைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை, நெட்பால் கம்பத்தில் போர்டு ஏது? இரண்டு ரிங்கும் ஒரே உயரம், 3.05 மீட்டர். ஆனால் நெட்பால் ரிங்கின் அகலம் 38 சென்டிமீட்டர், இங்கே 45. பந்து கொஞ்சம்தான் பெரிது. அவள் கண்ணுக்கு இது கிணறு மாதிரித் தெரியும். நெட்பாலில் ஷூட் பண்ணும் அரைவட்டத்தின் ஆரம் 4.9 மீட்டர், இங்கே ஃப்ரீ த்ரோ கோடு போர்டிலிருந்து 4.6 மீட்டர். அதாவது சின்ன வயதிலிருந்தே அவள் நின்று பழகிய தூரம்தான். 6.75 மீட்டர் மூன்று புள்ளிக் கோட்டுக்குப் போனால் பந்து ரிங்கையே எட்டவில்லை, ஏனென்றால் முட்டியை மடக்கிக் காலிலிருந்து பலம் எடுப்பதே இல்லை. அந்த உயரமான பிடியை மாற்றாமல் காலை மட்டும் சேர்க்கச் சொல்லிக்கொடுக்க வேண்டும். தலைக்கு மேலிருந்து கிளம்பும் பந்தை யார் தடுப்பது!

ஏப்ரல் 18, புனித வெள்ளி

மவுண்ட் எட்ஜ்கோம்பில் தீமிதி. ஆட்டம் இல்லை, எழுதவும் ஒன்றும் இல்லை.

மே 10, சனி

டிராவல் விசில் இன்று ஒன்றே ஒன்று. அதுவும் எனக்குச் சம்மதமில்லை.

புதுத் தலைவலி, உடம்பு இடிப்பு. நெட்பாலில் பந்து வைத்திருப்பவரிடமிருந்து 0.9 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். இங்கே எதிராளி இடுப்பில் முழங்கையை வைத்துக்கொண்டே நிற்பார். முதல் பாதியில் ஒரு குண்டுப் பெண் தள்ளத் தள்ள இவள் பின்னால் போய்க்கொண்டே இருந்தாள், முகமே சுருங்கிவிட்டது. மூன்றாவது குவார்ட்டரில் அதே பெண் வந்து மோதியபோது இவள் காலை அகட்டி, உட்காருகிற மாதிரி இறங்கி, முதுகைக் கொடுத்து நின்றாள். ரீபவுண்ட், அதாவது ரிங்கில் விழாமல் திரும்பி வரும் பந்து, தானாக வந்து கையில் விழுந்தது. யாரும் சொல்லித்தரவில்லை, நான் பெஞ்சையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். நோட்டில் இதற்கு மட்டும் அடிக்கோடு போட்டிருக்கிறேன். புள்ளிக் கணக்கு யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், அதே ஆட்டத்துக்குள்ளேயே மாறுகிற பிள்ளை அபூர்வம்.

இறங்கும்போது இடது முட்டி இன்னும் லேசாக உள்ளே போகிறது. கோச்சிடம் சொல்லிவிட்டேன்.

மே 24, சனி

அவள் அப்பா வேலிக்கு வெளியே நின்று பேசினார். நெட்பாலில் ஒரு வழி தெரிகிறது, 2023இல் உலகக் கோப்பையே கேப் டவுனில்தான் நடந்தது, இதில் என்ன இருக்கிறது என்று கேட்டார். சுற்றி வளைக்காமல் சொன்னேன். பெண்கள் பேஸ்கட்பாலில் இங்கே சம்பாதிக்க ஒன்றுமில்லை. அமெரிக்கக் கல்லூரி உதவித்தொகை கிடைத்தால் படிப்புச் செலவு மிச்சம், அதற்கும் அமெரிக்கக் கல்லூரி விளையாட்டை நடத்தும் என்சிஏஏவின் முதல் பிரிவு என்றால் உயர்நிலைப் பள்ளியில் 16 முக்கியப் பாடங்கள் முடித்திருக்க வேண்டும். கணக்கில் எத்தனை மார்க் என்று கேட்டேன். அவர் பெருமூச்சு விட்டார். நெட்பாலை விடச் சொல்லவில்லை, இரண்டும் ஆடட்டும் என்றேன். அது அவருக்குப் பிடித்திருந்தது.

ஜூன் 7, சனி

நண்பனுக்கு அறிக்கை போய்விட்டது. உயரத்தைப் படித்ததும் போன் போட்டு, "சென்டர்ல போட்டுடலாம்டா" என்கிறான். கூடாது என்றேன். பதினாறு வயதுப் பெண், இனிப் பெரிதாக வளரப்போவதில்லை. பள்ளி ஆட்டத்தில் உயரமாகத் தெரிகிறவள் பெரிய ஆட்டத்தில் நடுத்தரம்தான். சென்டர் என்று ரிங்குக்கு அடியில் நிறுத்தினால் அந்தப் பாஸ் வீணாகப் போகும். ரிங்கிலிருந்து தள்ளி வெளியே நிறுத்து, டிரிபிளில் தடுமாறட்டும், ஒரு வருஷம் போகட்டும் என்று எழுதியதையே திரும்பச் சொன்னேன். பத்து நிமிஷம் சண்டை. கடைசியில் ஜூலை விடுமுறை முடிந்ததும் தானே டர்பனுக்கு வந்து பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறான், பஸ் செலவு யாருடையது என்பது இன்னும் முடிவாகவில்லை.