அர்ஷ்தீப்பின் அமைதி

யாராவது இணையத்தில் அநியாயமாகத் திட்டினால், பதில் போட எனக்கு உடனே கை பரபரக்கும். அப்போதெல்லாம் இந்தியக் கிரிக்கெட் அணியின் வேகப்பந்து வீச்சாளர் அர்ஷ்தீப் சிங்கை நினைத்துக்கொள்வேன்.

2022 செப்டம்பர் 4, துபாய், ஆசியக் கோப்பையில் பாகிஸ்தானோடு மேட்ச். 18ஆவது ஓவரில் பாகிஸ்தான் பேட்ஸ்மேன் ஆசிப் அலி கொடுத்த லட்டு மாதிரியான கேட்ச்சை அர்ஷ்தீப் கோட்டைவிட்டார். அவர் சீக்கியர் என்பதால் ராத்திரியோடு ராத்திரியாக 'காலிஸ்தானி' (தனிச் சீக்கிய நாடு கேட்கும் பிரிவினைவாதி) என்று வசை. விக்கிப்பீடியா பக்கத்தில்கூட யாரோ கைவைத்தார்கள். அதே மேட்ச்சின் கடைசி ஓவரில் பாகிஸ்தான் ஜெயிக்க ஏழே ரன் தேவை என்றிருந்தபோது, பந்து போட்டு அதை ஐந்தாவது பந்து வரை இழுத்தவரும் அவர்தான். அதே ஆசிப்பை எல்பிடபிள்யூ ஆக்கியவரும் அவர்தான். திட்டியவர்களில் எத்தனை பேர் அதைப் பார்த்தார்களோ!

வரிந்துகட்டிக்கொண்டு அவர் சண்டைக்குக் கிளம்பவில்லை. அடுத்த மாதம் மெல்போர்ன், மறுபடியும் பாகிஸ்தான். டி20 உலகக் கோப்பையில் அவர் போட்ட முதல் பந்திலேயே பாகிஸ்தான் கேப்டன் பாபர் அவுட். அப்புறம் ரிஸ்வான். அப்புறம், ஆமாம், ஆசிப் அலி!

அதற்காக எல்லாவற்றுக்கும் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டுமா என்ன? தகவல் தப்பென்றால் ஒரே ஒரு தடவை ஆதாரத்தோடு சொல்லிவிடுவேன். சாதி, மதம் என்று ஆரம்பித்தால் ரிப்போர்ட், பிளாக், விவாதமெல்லாம் கிடையாது. ராத்திரி பத்து மணிக்கு மேல் வருகிற வசைகளை மறுநாள் காபி குடித்த பிறகுதான் திறந்தே பார்ப்பேன்.