பேட்டி எடுக்க குறைந்த செலவுக் கருவிகள்: முதல் காசு மைக்குக்கு

படம் சற்று மங்கினால் பார்ப்பவர் பொறுத்துக்கொள்வார். பேச்சு எதிரொலித்தால் போய்விடுவார். அதனால் கேமரா கையிலுள்ள போனாகவே இருக்கட்டும், முதலில் காலர் மைக் (சட்டையில் மாட்டும் சின்ன மைக்) வாங்குங்கள்.

போயா பிஒய்-எம்1 போன்ற ஒயர் மைக்கே போதும். 6 மீட்டர் ஒயர், எல்ஆர்44 பட்டன் பேட்டரி. அதிலுள்ள சின்ன சுவிட்சில்தான் பலர் கோட்டை விடுவார்கள்: கேமராவுக்கு ஒரு பக்கம், போனுக்கு மறுபக்கம். தவறாக இருந்தால் ஒலி சரியாக வராது. 30 நொடி பதிவு செய்து ஹெட்போனில் கேட்ட பிறகே பேட்டியைத் தொடங்குங்கள். மைக் மோவாய்க்கு ஒரு சாண் கீழே இருக்கட்டும். பட்டுப் புடவையும் கஞ்சி போட்ட சட்டையும் உரசிச் சரசரக்கும். ஒயரை ஒரு சுற்று வளைத்து, உள்பக்கம் டேப் போட்டு ஒட்டினால் அடங்கும். மின்விசிறியை நிறுத்தியே ஆக வேண்டும். வியர்க்கும்தான், வேறு வழியில்லை.

நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 50 சுழற்சி. மலிவான விளக்கு அதற்கேற்ப கண்ணுக்குத் தெரியாமல் மினுக்கும். மலிவான எல்இடி விளக்கின் கீழ் ஷட்டர் வேகம் (ஒவ்வொரு பிரேமுக்கும் ஒளி விழும் நேரம்) 1/60 நொடியில் இருந்தால் படத்தில் பட்டை பட்டையாக ஓடும். நொடிக்கு 25 பிரேம் எடுத்தால் ஷட்டர் 1/50, போனில் 30 பிரேம்தான் உண்டென்றால் 1/100. ஒயிட் பேலன்ஸையும் (வெளிச்சத்துக்கேற்ப நிறத்தைச் சரிசெய்யும் அமைப்பு) தானாக மாறாதபடி பூட்டிவிடுங்கள்.

வெளிச்சத்துக்கு ஜன்னலை மிஞ்ச ஆளில்லை. பேசுபவருக்குப் பக்கவாட்டில் ஜன்னல், எதிர்ப்பக்கம் வெளிச்சத்தைத் திருப்பிவிட வெள்ளைத் தெர்மாகோல் அட்டை.

கேமராவே வைத்திருப்பவர்களுக்கு 50 மிமீ எஃப்/1.8 லென்ஸ் நல்ல பேரம் (எஃப் எண் லென்ஸ் திறப்பைக் குறிக்கும்; எண் சிறிதானால் திறப்பு பெரிது, ஃபோகஸில் நிற்கும் ஆழம் குறைவு). ஆனால் எஃப்/1.8-இலேயே எடுக்காதீர்கள், தலையை அசைத்தாலே ஃபோகஸ் நழுவும். எஃப்/4 வையுங்கள், பின்னணி மங்க, ஆளைச் சுவரிலிருந்து 6 அடி தள்ளி உட்காரவையுங்கள்.