உப்பு பத்தாத பத்து நாள்

திருவொற்றியூருக்கும் மணலிக்கும் நடுவில் ஒரு கன்டெய்னர் யார்டு. அதன் கேட் ஆபீஸில் 16 வருஷமாக உட்கார்ந்திருக்கிறேன். உள்ளே வரும் பெட்டிக்கும் வெளியே போகும் பெட்டிக்கும் சீட்டு போடுவதுதான் வேலை. ஏற்றுமதிச் சரக்கை ஏற்றி முடித்ததும் கதவைச் சாத்தி சீல் வைப்பார்கள். பெட்டி நம்பரும் சீல் நம்பரும் ஃபார்ம் 13 என்ற துறைமுக நுழைவுச் சீட்டில் சரியாக ஏறினால்தான் துறைமுக கேட்டில் லாரியை உள்ளே விடுவார்கள். பெட்டி நம்பரில் 4 எழுத்து, 7 இலக்கம். கடைசி இலக்கம் முன்னால் இருப்பவற்றைக் கணக்குப் போட்டு வருவது என்பதால், நடுவில் ஒன்றைத் தப்பாக அடித்தால் பெரும்பாலும் கம்ப்யூட்டரே பிடித்துவிடும். சீல் நம்பருக்கு அந்தக் காவல் கிடையாது. அடிக்கிறவன் கண்ணைத் திறந்து வைத்திருந்தால் உண்டு.

இரண்டு வருஷத்துக்கு முன், ஒரு சித்திரை மாதத்தில், என் கண் சரியாகத் திறக்கவில்லை.

ரத்தப் பரிசோதனையில் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை 6.2 என்று வந்திருந்தது. 5.7 முதல் 6.4 வரை எல்லைக்கோடு, 6.5 தொட்டால் சர்க்கரை நோய். எடை 89 கிலோ. "சோத்தைக் குறைங்க, நடங்க" என்று மட்டும்தான் டாக்டர் சொன்னார். நான்தான் எதையும் பாதியில் நிறுத்தத் தெரியாத ஜாதி. ஆபீஸில் ஒருவர் சோற்றை ஒதுக்கும் பேலியோ உணவுமுறையில் 12 கிலோ குறைத்திருந்தார். அவரிடம் கேட்டேன், நாலு வீடியோ பார்த்தேன், திங்கட்கிழமையே கீட்டோவில் இறங்கிவிட்டேன். மாவுச்சத்தை அடியோடு குறைத்து, உடம்பைக் கொழுப்பில் ஓடவைக்கும் உணவுமுறை அது. நாளைக்கு 20 கிராம் மாவுச்சத்துக்கு மேல் கூடாது என்று ஒரு கணக்கு. 100 கிராம் சோற்றிலேயே 28 கிராம் இருக்கிறது. அதாவது நம் வீட்டுச் சாப்பாட்டில் முதல் இரண்டு கையோடு கணக்கு முடிந்தது.

காலையில் பாதாம், மதியம் முட்டையும் பன்னீரும், ராத்திரி காசிமேட்டு மீன். சொல்லும்போது ராஜபோகமாகத்தான் இருக்கிறது. முதல் நாள் பெருமையாகவும் இருந்தது. இரண்டாம் நாள் மதியம் தலைவலி தொடங்கியது. நெற்றியில் ஈரத் துணியை முறுக்கிக் கட்டினது மாதிரி. மூன்றாம் நாள் யார்டில் பெட்டிகளைத் தூக்கி அடுக்கும் ரீச் ஸ்டேக்கர் வண்டி பின்னால் வரும்போது அடிக்கும் அந்த 'பீப் பீப்' சத்தம் மண்டைக்குள்ளிருந்தே வந்தது. நாற்காலியை விட்டு எழுந்தால் ஒரு நொடி கண் இருட்டும். மாடிப்படி ஏறினால் தொடை கனக்கும். ராத்திரி கெண்டைக்காலில் பிடித்து இழுக்கும். இதற்கெல்லாம் மேலே, எரிச்சல். பேனா மூடியைக் காணோம் என்றால் எரிச்சல். பக்கத்து மேஜைக்காரர் சாம்பார் சாதத்தைத் திறந்தால், அந்த மனிதர் என்னைப் பழிவாங்கவே சாப்பிடுகிறார் என்று தோன்றும்.

காசிமேட்டிலிருந்து வரும் ஒரு பையன் என் கீழே வேலை பார்க்கிறான். நாலாம் நாள் பிரின்டரில் பேப்பர் சிக்கியதற்கு அவனை நான் பேசிய பேச்சு இருக்கிறதே, அதை இங்கே எழுத முடியாது. அவன் கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு, "ண்ணா, நீங்க சோறு துன்னுட்டே வாங்க ணா. குண்டா இருந்தாலும் நல்லா இருந்தீங்க" என்றான். அதற்கும் ஒரு திட்டு விழுந்தது.

ஐந்தாம் நாள்தான் சீல் நம்பர். 6க்கும் 9க்கும் நடுவில் என் விரல் தடுமாறியிருக்கிறது. எர்ணாவூர்க்கார டிரைவர் ஒருவர் அந்தச் சீட்டை வாங்கிக்கொண்டு எண்ணூர் விரைவுச் சாலை வரிசையில் போய் நின்றார். அந்த வரிசையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். நகர்ந்தால் நகர்ந்தது, நின்றால் டிரைவர் கீழே இறங்கிக் குளித்துத் துணி துவைத்துவிடலாம். ராத்திரி முழுக்க நின்று, கேட் வரைக்கும் போய், நம்பர் ஒத்துவரவில்லை என்று திரும்பி வந்தார். காலை ஆறு மணிக்கு என் ஜன்னலில் நின்று, "இன்னா சார் இது, சீலு வேற, சீட்டு வேற கீது?" என்றார். நான் சீட்டை வாங்கிப் பார்க்கவே இல்லை. "கொண்டுபோறதுக்கு முன்னாடி பார்க்கத் தெரியாதா? கண்ணு எங்க இருந்துச்சு?" என்று கத்தினேன். வரிசையில் நின்ற அத்தனை டிரைவர்களும் பார்த்தார்கள். பிறகு அந்தப் பையன்தான் திரையைத் திருப்பிக் காட்டினான். என் பெயரில், என் கையால் அடித்த 9.

திருத்திக் கொடுத்தேன். 'தப்பு என்னுது' என்று மட்டும் வாயில் வரவில்லை.

அன்றைக்கு ஷிஃப்ட் முடிந்து நேராக டாக்டரிடம் போனேன். அவர் முதலில் ரத்த அழுத்தம் பார்த்தார். நான் பழையபடியே போட்டுக்கொண்டிருந்த பி.பி. மாத்திரையோடு சேர்ந்து அது இறங்கிக் கிடந்தது. அப்புறம் விளக்கினார். ஈரலிலும் தசையிலும் உடம்பு சேர்த்து வைக்கும் மாவுச்சத்தில் ஒவ்வொரு கிராமும் மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்குமாம். சோற்றை நிறுத்தினால் அந்தக் கையிருப்பு கரைகிறது, தண்ணீரும் போகிறது. இன்சுலின் குறையும்போது சிறுநீரகம் உப்பையும் வெளியே தள்ளுகிறது. முதல் நாலு நாளில் நான் இழந்து பூரித்த மூன்று கிலோ, பாதிக்கு மேல் மூத்திரம். கொழுப்பிலிருந்து ஈரல் கீட்டோன் என்ற மாற்று எரிபொருளைச் செய்ய ஆரம்பித்தாலும், அதை வைத்து ஓட மூளை பழகுவதற்குச் சில நாள் ஆகும். அந்த இடைவெளியில்தான் தலைவலி, அசதி, சிடுசிடுப்பு. பலருக்கு ஒரு வாரத்தில் சரியாகும், சிலருக்கு இன்னும் கொஞ்சம் இழுக்கும்.

"டீயும் விட்டுட்டீங்களா?" என்று கேட்டார். விட்டிருந்தேன். சர்க்கரை போட்ட டீ ஒரு நாளைக்கு ஆறு கிளாஸ் குடிப்பவன், திங்கட்கிழமை காலையோடு அதையும் நிறுத்திவிட்டேன். அந்த மண்டையிடியில் பாதி டீக்காக அழுததுதான். "ஒரே நாள்ல ரெண்டு பேரை வீட்டை விட்டுத் துரத்தியிருக்கீங்க" என்றார்.

மாத்திரையை அவர் பாதியாக்கினார். இதைப் படித்துவிட்டு யாரும் தானாகப் பாதியாக்க வேண்டாம். "சர்க்கரைக்கு மாத்திரை போடுற ஆளா இருந்தா ஜன்னல் பக்கத்துலயே விழுந்திருப்பீங்க, சர்க்கரை அப்படி இறங்கும்" என்றும் சொன்னார். சூப்பிலும் மோரிலும் கொஞ்சம் கூடுதலாக உப்பு, கீரை, சர்க்கரை இல்லாமல் டீ. ஒரு வாரம் கழித்து மறுபடி பி.பி. பார்க்க வரச் சொன்னார்.

உப்பு! நாற்பது டிகிரி வெயிலில் தகரப் பெட்டிக்குள் மூட்டை அடுக்கும் லோடுமேன்கள், என் ஜன்னலுக்கு எதிரிலேயே உட்கார்ந்து உப்புப் போட்ட நீராகாரம் குடிப்பதை 16 வருஷமாகப் பார்க்கிறேன். எனக்கு மட்டும் அதை டாக்டர் சொல்ல வேண்டியிருந்தது.

வீட்டில் என் மனைவி ஆட்டுக்கால் சூப்பு வைத்தாள். "டாக்டருக்குக் காசு குடுத்துத்தான் இதைத் தெரிஞ்சிக்கணுமா?" என்று ஒரு பக்கம் கேட்டுக்கொண்டே. இரண்டு நாளில் தலைவலி விட்டது. பத்தாம் நாள் வாக்கில் எரிச்சலும் வடிந்தது. ரீச் ஸ்டேக்கர் மறுபடி வெளியில் கத்த ஆரம்பித்தது.

அந்த ராத்திரிகளில் தூக்கம் வராமல் தேடிப் படித்தபோது ஒன்று கண்ணில் பட்டது. இந்தக் கீட்டோ உணவு உடம்பு இளைக்க வந்ததே இல்லை. 1921இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் ரஸ்ஸல் வைல்டர் என்ற மருத்துவர் வலிப்பு நோய்க்காக முன்வைத்தது. இப்போதும் வலிப்புள்ள குழந்தைகளுக்குத் தொடங்கும்போது பல இடங்களில் ஆஸ்பத்திரியில் படுக்க வைத்து, பார்த்துப் பார்த்துத்தான் தொடங்குகிறார்கள். நான் லாரி வரிசைக்கு நடுவில், ஷிஃப்ட் மாறுகிற வாரத்தில், சித்திரை வெயிலில் தொடங்கியிருக்கிறேன். குறைந்தபட்சம் லீவு நாளை ஒட்டியாவது ஆரம்பித்திருக்கலாம்.

சரி, உடம்புக் கணக்கு இவ்வளவுதான். எனக்கு இன்றுவரைக்கும் ஜீரணமாகாதது வேறு. அந்தப் பத்து நாளில் மேனேஜர் தினமும் என் மேஜைக்கு வந்தார். இரண்டு முறை அநியாயமாகவே பேசினார். ஒரு தடவைகூட எனக்கு அவர் மேல் கோபம் வரவில்லை. "சரி சார்" என்றுதான் வந்தது. உப்பு குறைந்த மூளைக்கு 6க்கும் 9க்கும் வித்தியாசம் தெரியவில்லை. யாரிடம் கத்தலாம், யாரிடம் கத்தக்கூடாது என்பது மட்டும் சுத்தமாகத் தெரிந்திருக்கிறது. வீட்டிலும் அப்படியே. மனைவியிடம் கத்தினேன், மாமனாரிடம் கத்தவில்லை. 'கீட்டோதான் காரணம்' என்று அந்தப் பையனிடம் சொல்லலாம் என்று வாயெடுத்தபோது இது ஞாபகம் வந்து நிறுத்திக்கொண்டேன். அவனுக்கு அத்தோ என்ற பர்மா நூடுல்ஸ் வாங்கிக் கொடுத்தேன், பீச் ஸ்டேஷன் பக்கத்தில். அவன் இரண்டு தட்டு சாப்பிட்டான். நான் முட்டை மட்டும்.

முழுக் கீட்டோவை மூன்று மாதத்தில் விட்டுவிட்டேன். இப்போது மதியம் ஒரு கரண்டி சோறு உண்டு. எடை 82இல் நிற்கிறது, சர்க்கரை 5.8.

எர்ணாவூர்க்காரர் அதற்கப்புறம் மூன்று வாரம் கழித்துத்தான் எங்கள் யார்டுக்கு வந்தார். ஜன்னலைத் திறந்து, "அன்னிக்கு தப்பு என்னுதுதான். கத்தியிருக்கக் கூடாது" என்றேன். அவர் தலையை ஆட்டினார். "ஒரு ட்ரிப்பு பூட்ச்சி சார்" என்றார். அவ்வளவுதான். அவர் டிரிப்புக் கணக்கில் கூலி வாங்குபவர் என்று எனக்குத் தெரியும். அந்தக் காசை நான் தருகிறேன் என்றதற்கு, "வாணாம் சார், சீட்டைக் குடு" என்றார்.

அன்றிலிருந்து அவர் ஒரு வழக்கம் வைத்திருக்கிறார். சீல் வைத்ததும் செல்போனில் படம் எடுத்துக்கொள்வார். நான் சீட்டை நீட்டினால் அங்கேயே நின்று, படத்தையும் சீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒவ்வொரு எண்ணாக, வாய்விட்டுப் படிப்பார். பின்னால் லாரிகள் ஹாரன் அடிக்கும். அவர் முடிக்கிறவரைக்கும் நான் ஜன்னலை மூடுவதில்லை.